பெயர் அழிந்த பழைய கான்செர்டினா: கிளேர் கலைஞர் ஒருவர் வாசிப்பது எந்தப் பட்டறையின் கருவி?

தென்கரை

அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்தின் மேற்கில் கிளேர் கவுண்டியிலுள்ள மில்டவுன் மால்பே என்ற சிற்றூரில், 1973 முதல் ஜூலை மாதந்தோறும் வில்லி கிளான்சி கோடைப்பள்ளி நடந்துவருவதை இங்குள்ள பலர் அறிவீர்கள். அங்கே ஒரு விடுதிக் கூடத்தில் மூத்த பெண் கலைஞர் ஒருவர் கான்செர்டினா (இரு கைகளாலும் பிடித்துத் துருத்தியை விரித்தும் அழுத்தியும் வாசிக்கும் சிறு பொத்தான் கருவி) வாசிக்கக் கேட்டேன். அவருடைய இசைவோடு ஒரு ரீலை (அயர்லாந்தின் விரைவான நடன மெட்டு) முழுமையாகக் காணொளியில் பதிவுசெய்து, கருவியின் இரு முகப்புகளையும் படமெடுத்துக்கொண்டேன். அவர் இசைத்தட்டு வெளியிட்டவரோ மேடைகளில் தோன்றுபவரோ அல்லர் என்பதால் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

கருவி அவருடைய பெரியம்மாவிடமிருந்து வந்தது என்பதும், லண்டனில் செய்யப்பட்டது என்று வீட்டில் சொல்லப்பட்டது என்பதும் மட்டுமே அவருக்குத் தெரியும். எந்தப் பட்டறை, ஏறத்தாழ எந்தக் காலம் என்பதை அறிய அவரும் ஆவலாக இருக்கிறார். காப்பீட்டுக்காகக் கருவியைப் பற்றி எழுத்தில் ஒரு விவரம் தரவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கிறது.

படங்களில் எனக்குத் தெரிவதைச் சொல்கிறேன். கருவி ஆறு பக்கங்கள் கொண்டது. முகப்புகள் இரண்டும் வெள்ளி நிற உலோகத்தில் தட்டையாக உள்ளன, அவற்றில் கொடிபோல் சுருளும் துளைவேலை செய்யப்பட்டிருக்கிறது. பொத்தான்கள் வெண்ணிறமானவை, மூன்று வரிசைகளும், அவற்றின் ஓரங்களில் கூடுதலாகச் சிலவும் உள்ளன. இடக்கைக் கட்டைவிரல் படும் இடத்திலும் ஒரு பொத்தான் இருக்கிறது. கைவாரும் துருத்தியும் புதியவை. பெயரோ எண்ணோ எங்கும் தெளிவாகத் தெரியவில்லை.

செவிவழி

காணொளியை இருமுறை கேட்டேன். இது லண்டனின் ஜெஃப்ரிஸ் பட்டறைக் கருவி. அந்தக் குரைப்பு போன்ற முன்வேகமும், தாழ்ந்த ஸ்வரங்களில் வரும் கரகரப்பும் வேறு எந்தக் கருவியிலும் வருவதில்லை.

ஆறுமூலை

நண்பர் செவிவழி சொல்லும் முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு ஒலியின் வழியாக வருவதை நான் ஏற்பதில்லை. பழைய கான்செர்டினாவின் பிறப்பிடத்தை ஆராயும்போது ஒலியைக் கடைசிச் சாட்சியாகத்தான் அழைக்கவேண்டும். உடலைத்தான் முதலில் படிக்கவேண்டும். ஆகவே படத்தில் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில், இது எந்தக் குடும்பம்? சார்ல்ஸ் வீட்ஸ்டன் லண்டனில் உருவாக்கிய ஆங்கில வகையில் கட்டைவிரல் நுழைக்கும் சிறு தோல்வளையமும், சுண்டுவிரலுக்கான உலோகத் தாங்கியும் இருக்கும்; ஒரு பொத்தானை அழுத்தினால் துருத்தியை எந்தப் பக்கம் இயக்கினாலும் ஒரே ஸ்வரம் ஒலிக்கும். இங்கே உள்ளங்கையைச் சுற்றிக் கைவாரும், அதன்கீழ் மரத்தாலான கைதாங்கியும் உள்ளன. காணொளியில் ஒரே விரலைத் தூக்காமல் துருத்தியைத் திருப்பும்போது ஸ்வரம் மாறுகிறது. எனவே இது ஆங்கிலோ. கெம்னிட்ஸ் நகரத்துக் கார்ல் ஃப்ரீட்ரிக் ஊலிக் 1834இல் கொண்டுவந்த ஜெர்மன் கருவியின் அமைப்பை லண்டன் பட்டறைகள் எடுத்துக்கொண்டு, தங்களுடைய ஆறுமூலைப் பெட்டியும் தரமான ரீடுகளும் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகள்) சேர்த்து வளர்த்த வகை அது. அயர்லாந்து மரபிசையில் கான்செர்டினா என்றால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறார்கள்.

உலோக முகப்பும் முப்பதுக்கு மேற்பட்ட பொத்தான்களும் கொண்ட லண்டன் ஆங்கிலோ என்றவுடனே ஆய்வு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. லாஷனால், ஜெஃப்ரிஸ், கிராப், வீட்ஸ்டன் ஆகிய நான்கு பெயர்களே முதன்மையானவை. ஜார்ஜ் ஜோன்ஸை ஐந்தாவதாக ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இவர்களில் லாஷனாலே மிக அதிகமாகச் செய்து குவித்தவர்கள். நிறுவனர் லூயி லாஷனால் 1861இலேயே காலமானாலும் நிறுவனம் 1930கள் வரை இயங்கியது. அவர்களுடைய ஆங்கிலோ தொடர் எண்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிச் செல்கின்றன. மஹோகனி அல்லது ரோஸ்வுட் முகப்பும் எலும்புப் பொத்தானும் கொண்ட இருபது பொத்தான் கருவிகள்தான் அவர்களிடமிருந்து பெருந்திரளாக வந்தன. உலோக முகப்பு கொண்ட மேல்தரக் கருவிகளும் உண்டு. வீட்ஸ்டன் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஆங்கிலோ, லினோட்டா என்ற வணிகப் பெயரில் வந்தது. அதன் பொத்தான்கள் பொதுவாக மெல்லிய உலோகப் பொத்தான்கள். இவ்விரு நிறுவனங்களும் எண் பதிப்பதில் ஒழுங்கானவை. முகப்பின் துளைவேலைக்கு நடுவே நீள்வட்ட இடம் ஒன்றை விட்டு, ஒரு பக்கத்தில் பெயரையும் மறுபக்கத்தில் தொடர் எண்ணையும் வைப்பார்கள்.

ஜெஃப்ரிஸ் அப்படியல்ல. சார்ல்ஸ் ஜெஃப்ரிஸ் தம் கருவிகளுக்குத் தொடர் எண் இட்டதே இல்லை. பெயரை நேரடியாக உலோகத்தில் குத்தியிருப்பார். சிலவற்றில் லண்டன் பிரெய்ட் தெருவின் 23ஆம் எண் முகவரியும் சேர்ந்திருக்கும். அவர் 1906இல் இறந்தபின் மகன்கள் லண்டனின் கில்பர்ன் பகுதியில் தொழிலைத் தொடர்ந்தார்கள். எனவே ஜெஃப்ரிஸ் கருவிக்குக் காலம் சொல்வது முத்திரையின் வாசகத்தையும் முகவரியையும் வைத்துத்தான். முத்திரை தேய்ந்துபோனால் அந்தக் கைப்பிடியும் நழுவிவிடும்.

தென்கரை அவர்களிடம் நான் கேட்பவை இவை: பொத்தானின் தலையை மிக நெருக்கமாக ஒரு படம், துளைவேலைக்கு நடுவே துளையில்லாத வெற்றிடம் எங்கேனும் உள்ளதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம், பொத்தான்களின் சரியான எண்ணிக்கை. துருத்தியைப் பற்றிக் கவலை வேண்டாம். நூறாண்டு வாசிக்கப்பட்ட கருவியின் துருத்தி மாற்றப்பட்டிருப்பது இயல்பு. அதன் மடிப்பையோ பொன்வேலையையோ வைத்து யாரேனும் பட்டறை சொன்னால் நம்பவேண்டாம்.

செவிவழி

ஆறுமூலை அவர்களின் முறையை மதிக்கிறேன். ஆயினும் செவியை இவ்வளவு பின்னுக்குத் தள்ளவேண்டுமா? ஒரு நாதஸ்வரத்தை இரண்டு ஸ்வரங்கள் கேட்டே திமிரியா பாரியா என்று சொல்லிவிடுகிறோமே.

சுருதிப்பெட்டி

திமிரி, பாரி வேறுபாடு குழலின் நீளத்திலும் சுருதியிலும் இருப்பது. அதைச் செவி பிடிப்பதில் வியப்பில்லை. ரீடுக் கருவியில் ஒரு பட்டறையின் குரல் என்று தனித்து ஒன்றைப் பிரித்தெடுப்பது அதைவிடக் கடினம். நான் ஆர்மோனியப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவன். கான்செர்டினாவில் இருப்பதும் அதே தனிநாக்கு ரீடுதான். ஆகவே ரீடு பக்கம் நின்று சிலவற்றைச் சொல்கிறேன்.

உலோக முகப்பு இருந்தாலே ஒலி கூர்மையாக வெளிவரும், மர முகப்பு இருந்தால் சற்று மங்கும். இது எந்தப் பட்டறைக்கும் பொது. ரீடின் மீதுள்ள தோல் வால்வு விறைத்திருந்தால் ஸ்வரம் பேசத் தயங்கும். புதிய மெல்லிய தோல் போட்டதும் அதே ரீடு சட்டென்று பேசும். நண்பர் சொன்ன 'முன்வேகம்' பாதிக்குமேல் அந்தத் தோலிலும், நாக்கை எவ்வளவு உயர்த்தி வைத்திருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. தாழ்ந்த ஸ்வரத்துக் கரகரப்போ, கடினமான காற்றழுத்தத்தில் வாசிக்கும் எந்த நல்ல எஃகு ரீடிலும் வரும். இவற்றோடு கல்தரையுள்ள சிறு கூடமும் கைப்பேசியின் ஒலிவாங்கியும் சேர்ந்துகொள்கின்றன. பட்டறையின் குரலென்று நாம் எண்ணுவது கடைசியாகப் பழுதுபார்த்தவரின் குரலாக இருக்கலாம்.

ஆனால் செவியால் ஒன்றை நிச்சயமாகச் சொல்லமுடியும்: சுருதி. காணொளியில் ஒரு புல்லாங்குழலும் சேர்ந்து ஒலிக்கிறது. கருவி அதனோடு பிசிறின்றிச் சேர்வதால், இன்றைய 440 அளவுக்கு (ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வுகள்) கொண்டுவரப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். இது எப்போதும் அந்த அளவில்தான் இருந்ததா என்பதைப் பெட்டியைத் திறந்தால்தான் அறியமுடியும்.

தென்கரை

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஆறுமூலை கேட்ட படங்களை அந்த அம்மையாரின் மகள் எடுத்து அனுப்பியிருக்கிறார். பொத்தான்கள் மொத்தம் 38. வலப்பக்கக் காற்றுப் பொத்தான் (ஒலியின்றித் துருத்திக்குக் காற்றை விடுவது) தனி. பொத்தானின் தலையில் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. வலது முகப்பில் கைதாங்கிக்கு மேலே, நகத்தளவு அகலமுள்ள ஒரு நீண்ட வெற்றிடம் இருக்கிறது. அதில் ஏதோ குத்தப்பட்டுப் பின்னர் மெருகேற்றித் தேய்க்கப்பட்டதுபோல் மங்கிய பள்ளங்கள் தெரிகின்றன. எழுத்தாகப் படிக்கமுடியவில்லை. இடப்பக்கத்தில் எண் எதுவும் இல்லை, எண் இருக்கவேண்டிய நீள்வட்ட இடமும் இல்லை.

ஆறுமூலை

மிக நல்ல படங்கள். அந்தக் கரும்புள்ளிகளே பொத்தான் எலும்பு என்பதற்குச் சான்று: உயிருள்ள எலும்பில் இரத்தநாளம் சென்ற நுண்குழாய்களின் வெட்டுமுகம் அது. தந்தமாக இருந்தால் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். இதை அந்த அம்மையாரிடம் அவசியம் சொல்லுங்கள். எலும்பு என்று எழுத்தில் இருந்தால், வெளிநாடு செல்லும்போது சுங்கத்தில் தந்தமோ என்ற ஐயத்துக்குப் பதில் சொல்ல எளிது.

எலும்புப் பொத்தானும், எண்ணில்லாமையும், நீள்வட்ட இடமில்லாமையும் சேர்ந்து வீட்ஸ்டனைப் பெரும்பாலும் விலக்கிவிடுகின்றன. எண்ணும் நீள்வட்ட இடமும் இல்லாததால் லாஷனாலும் பின்தங்குகிறது. 38 பொத்தான்களும் இடக் கட்டைவிரல் பொத்தானும் ஜெஃப்ரிஸ் கருவிகளில் நிறையக் காணப்படுபவை. உலோகத்தில் நேராகக் குத்திய முத்திரையும் அவ்வழியே.

இப்போது காணொளிக்கு வருகிறேன், ஏனெனில் அதில் ஒலியைவிட உறுதியான ஒரு சாட்சி இருக்கிறது. ரீல் டி மேஜரில், நம் வழக்கில் இரண்டு கட்டையில், செல்கிறது. கருவி சி–ஜி, அதாவது ஒரு கட்டை வரிசையும் ஐந்து கட்டை வரிசையும் கொண்டது; அயர்லாந்தில் மிக விரும்பப்படும் அமைப்பு அதுவே. டி மேஜருக்குத் தேவையான சி ஷார்ப் இந்த இரண்டு வரிசைகளிலும் கிடையாது. மூன்றாவது வரிசையிலிருந்துதான் அதை எடுக்கவேண்டும். வீட்ஸ்டனும் லாஷனாலும் பின்பற்றிய அமைப்பில், நடு ஸ்தாயிக்குச் சற்று மேலே வரும் அந்த சி ஷார்ப் வலக்கை மேல்வரிசையின் முதல் பொத்தானில், துருத்தியை அழுத்தும்போது மட்டுமே கிடைக்கும். ஜெஃப்ரிஸ் அமைப்பில் முதல் இரண்டு பொத்தான்களும் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாய் அமைந்திருப்பதால், ஒன்றில் அழுத்தும்போதும் மற்றதில் இழுக்கும்போதும் அதே சி ஷார்ப் கிடைக்கும்.

ரீலின் இரண்டாம் பகுதியில் பி, சி ஷார்ப், டி என்று மேலேறும் இடத்தைப் பாதி வேகத்தில் பாருங்கள். பி இழுப்பில் ஒலிக்கிறது. அடுத்து வலச் சுட்டுவிரல் மேல்வரிசைக்குத் தாவுகிறது, சி ஷார்ப் ஒலிக்கிறது, துருத்தி தொடர்ந்து திறந்துகொண்டே போகிறது. பிறகு டி, அதுவும் இழுப்பில். மூன்று ஸ்வரங்களுக்கும் துருத்தி ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வீட்ஸ்டன் அமைப்பில் இது இயலாது. அங்கே சி ஷார்ப்புக்காகத் துருத்தியை உள்ளே திருப்பியே ஆகவேண்டும். ஆகவே இக்கருவியின் ஸ்வர அமைப்பு ஜெஃப்ரிஸ் அமைப்பு.

அமைப்பு ஒன்று, பட்டறை வேறொன்று என்பதையும் உடனே சொல்லிவிடவேண்டும். ஜெஃப்ரிஸ் அமைப்பு வாசிப்பவர்களுக்கு வசதியாக இருப்பதால், இன்று புதிதாகச் செய்பவர்கள் இரண்டு அமைப்புகளிலும் செய்துதருகிறார்கள். பழைய கருவிகளிலும் ரீடை மாற்றிவைத்து அந்த சி ஷார்ப்பை வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு.

செவிவழி

ஒலியைக் கொண்டு நான் சொல்ல வந்த இன்னொன்றும் உண்டு. முதல் பகுதியின் முடிவில் ஓரிடத்தில் ராகத்தின் அடியில் ஒரு நீண்ட சி கேட்கிறது. துருத்தி திரும்பும்போதும் அது அறுபடவில்லை. இடக் கட்டைவிரலும் அந்நேரம் கீழே அழுந்தியிருக்கிறது.

ஆறுமூலை

அருமையாகப் பிடித்தீர்கள். அந்தக் கட்டைவிரல் பொத்தான் இரு திசைகளிலும் ஒரே ஸ்வரம் தரும் சுருதிப் பொத்தானாகவே பெரும்பாலும் வைக்கப்பட்டது. நம் கருவியிலும் அது அப்படியே இருக்கிறது, யாரும் மாற்றவில்லை என்பது உங்கள் செவியால் உறுதியாகிறது. செவிக்கு உரிய வேலை இதுதான் என்பது என் கருத்து: என்ன ஸ்வரம், எந்தத் திசையில், எவ்வளவு நேரம்.

மேற்குக்கரை

லண்டன் கருவி கிளேர் வீட்டுக்குள் எப்படி வந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நல்லது. பெரியம்மாவின் கருவி என்ற குடும்பச் செய்தியை மட்டும் வைத்துக் காலம் கணிக்கமுடியாது.

மேற்குக் கிளேரில் முதலில் பரவியது இரண்டு பொத்தான் வரிசைகள் கொண்ட விலைமலிந்த ஜெர்மன் கருவி. ஷானன் ஆற்று முகத்துவாரத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டிச் சென்றவர்கள் மாலுமிகளிடமிருந்து வாங்கிவந்தார்கள் என்று அப்பகுதியில் சொல்லப்படுவதுண்டு. கடைகளிலும் அது எளிதாகக் கிடைத்தது. பெண்கள் இதை மிகுதியாக வாசித்தார்கள். கில்ரஷ் ஊரில் விடுதி நடத்திய எலிசபெத் குரோட்டி (1885–1960) அம்மையாரின் வாசிப்பை 1950களில் அயர்லாந்து வானொலிக்காகப் பதிவுசெய்தார்கள். அதற்குப் பிறகே நாடு முழுவதும் இந்தக் கருவியைக் கவனித்துக் கேட்டது. வெஸ்ட்மீத் கவுண்டியைச் சேர்ந்த வில்லியம் முல்லாலி 1920களில் அமெரிக்காவில் இசைத்தட்டுகள் பதிவுசெய்திருந்தார். அந்தத் தட்டுகளைக் கேட்டுக்கேட்டு, கிளேரில் பேடி மர்ஃபி ஒரே வரிசையில் நிற்காமல் வரிசைகளைக் குறுக்கே கடந்து விரலிடும் முறையை வளர்த்தெடுத்தார். மூன்றாவது வரிசை அவசியமாகிப்போனது அத்தகைய வாசிப்பால்தான்.

வேலைதேடி லண்டன் சென்ற கிளேர் மக்கள் அங்கே பழைய கருவிகளை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆகவே 1890களில் செய்த கருவி 1950களில்கூட அந்த வீட்டுக்குள் வந்திருக்கலாம். பெரியம்மா எப்போது, எங்கே வாங்கினார் என்று கேட்டறிய முடியுமா?

தென்கரை

கேட்டேன். பெரியம்மா இளவயதில் லண்டனில் செவிலியாகப் பணியாற்றினார் என்றும், ஊர் திரும்பும்போது கருவி கையில் இருந்தது என்றும் அம்மையார் சொல்கிறார். புதிதாக வாங்கினாரா பழையதா என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சில வால்வுத் தோல்களை மாற்றுவதற்காகக் கருவி ஒரு பழுதுபார்ப்பாளரிடம் சென்றிருக்கிறது; அவர் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். ரீடுகள் செருகப்பட்டிருக்கும் மரத்தட்டில் அறைகள் நடுவிலிருந்து கதிர்போல் விரியவில்லை, ஒன்றுக்கொன்று இணையாக வரிசைகளில் நிற்கின்றன. பொத்தான்களின் நெம்புகோல்கள் பித்தளைத் தூணில் ரிவிட் அடித்துப் பொருத்தப்பட்டுள்ளன. இரண்டு ரீடு தட்டுகளிலும் துருத்திச் சட்டத்திலும் ஒரே இரண்டிலக்க எண் குத்தப்பட்டிருக்கிறது. நாக்குகள் எஃகு, சட்டங்கள் பித்தளை. நாக்கின் அடிப்பகுதியில், அதாவது திருகால் பிடிக்கப்பட்ட முனைக்கு அருகில், ஏறத்தாழ எல்லா ரீடுகளிலும் அரம் போட்ட கீறல்கள் இருப்பதாக அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

சுருதிப்பெட்டி

அந்தக் கீறல் மிகப் பெரிய செய்தி. நாக்கின் நுனியில் அரம் போட்டால் எடை குறைந்து சுருதி ஏறும். அடியில் போட்டால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். இது ஆர்மோனியத்துக்கும் இதற்கும் பொது. ஒன்றிரண்டு ரீடுகளில் அடிக்கீறல் இருந்தால் சாதாரணச் சுருதிசேர்ப்பு என்று விட்டுவிடலாம். எல்லாவற்றிலும் ஒரேபோல் இருந்தால், கருவி முழுவதும் ஒருகாலத்தில் உயர்ந்த சுருதியில் இருந்து, பின்னர் ஒரேமூச்சில் இறக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கச்சேரிச் சுருதி, ஏ ஸ்வரத்துக்கு ஏறத்தாழ 452 அதிர்வுகள் என்ற அளவில் இருந்தது. இன்றைய 440ஐவிட அது கிட்டத்தட்ட கால் கட்டை உயரம். அதாவது ஓர் அரை ஸ்வரத்தில் பாதி. 1896இல் லண்டன் ஃபில்ஹார்மானிக் சங்கம் 439க்கு இறங்கியது. அப்படியானால் இக்கருவி 1896க்கு முந்தையது என்று கொள்ளலாமா?

ஆறுமூலை

கொள்ளமுடியாது, ஐயா. கச்சேரி அரங்கம் இறங்கியபோது எல்லோரும் இறங்கிவிடவில்லை. பிரிட்டனின் பித்தளை வாத்தியக் குழுக்கள் 1960கள் வரை அந்த உயர்ந்த சுருதியிலேயே வாசித்தன. கான்செர்டினாக் குழுக்களும் சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பினரும் தங்கள் கருவிகளை அத்தகைய சுருதிக்கே கேட்டு வாங்கியதுண்டு. ஆகவே உயர்சுருதி என்பது பழமைக்குச் சான்றாகாது. பிரிட்டனில் செய்யப்பட்டு, ஒரு காலம்வரை மாற்றப்படாமல் இருந்தது என்பதற்கு மட்டுமே சான்று. நீங்கள் காட்டிய கீறலுக்கு வேறொரு பயன் உண்டு. எல்லா நாக்குகளிலும் அது ஒரேபோல் இருப்பதால், ரீடுகள் ஒரே தொகுதியாக நெடுங்காலம் சேர்ந்திருந்தவை, வேறு கருவிகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவை அல்ல என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். சி ஷார்ப் ரீடிலும் அதே கீறல் இருக்கிறதா என்று தென்கரை பார்த்துச் சொன்னால், அது பிற்காலச் செருகல் இல்லை என்பதும் உறுதியாகும்.

மற்ற மூன்று விவரங்களுக்கு வருகிறேன். இணை வரிசை அறைகள் ஜெஃப்ரிஸ், கிராப் வழியோடு ஒத்துப்போகின்றன. சிறந்த லினோட்டாக்களில் பெரும்பாலும் கதிர் அமைப்புதான் இருக்கும். ரிவிட் அடித்த நெம்புகோல் லாஷனாலைப் பெரும்பாலும் விலக்குகிறது. அவர்கள் பொதுவாக நெம்புகோலைத் தூணில் கொக்கிபோல் மாட்டிவிடும் எளிய முறையைக் கையாண்டவர்கள். இரண்டிலக்க எண் தொடர் எண் அன்று, ஒரே சமயத்தில் பல கருவிகள் மேசையில் இருக்கும்போது பாகங்கள் கலந்துவிடாமல் இருக்கப் பட்டறையில் இட்ட அடையாளம். மூன்று பாகங்களிலும் அது ஒன்றாக இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது: துருத்தியின் தோல் புதிதாக இருந்தாலும் சட்டம் பழையது, கருவி உடலளவில் ஒரே பிறப்பு.

இனி எஞ்சியிருப்பது ஜெஃப்ரிஸா கிராப்பா என்ற கேள்வி. இதில்தான் நிதானம் தேவை. ஜான் கிராப் 1860இல் தொடங்கிய பட்டறை, இஸ்லிங்டனின் லிவர்பூல் சாலையில் தலைமுறை தலைமுறையாக நடந்து 1989இல்தான் மூடப்பட்டது. அவர்கள் தம் பெயரில் செய்ததோடு வணிகர்கள் பலருக்கும் பெயரிடாமல் செய்துகொடுத்தார்கள். ஜெஃப்ரிஸ் பெயர் தாங்கிய தொடக்ககாலக் கருவிகளில் சில கிராப் பட்டறையிலிருந்து வந்தவை என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இவ்விரண்டு பட்டறைகளின் கருவிகளையும் பெயர் மறைத்து அருகருகே வைத்தால் தடுமாறாதவர்கள் மிகக் குறைவு.

தென்கரை

சி ஷார்ப் ரீடுகள் இரண்டிலும் அதே அடிக்கீறல் இருப்பதாகப் பழுதுபார்ப்பாளர் உறுதிசெய்தார். முத்திரை இருந்த இடத்தை மாவுக்கரியால் தாளில் ஒற்றியெடுக்கவும் முயன்றார். முதல் எழுத்து வளைவாக இருக்கிறது என்பதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. 'இது ஜெஃப்ரிஸ்தான், வேண்டுமானால் அந்த இடத்தில் புதிதாகப் பெயர் குத்திவிடலாம், விலை கூடும்' என்று வேறொருவர் அம்மையாரிடம் சொல்லியிருக்கிறார்.

ஆறுமூலை

அதை எக்காரணம் கொண்டும் செய்யவேண்டாம் என்று அவரிடம் என் சார்பில் வலியுறுத்திச் சொல்லுங்கள். ஜெஃப்ரிஸ் பெயருக்குப் பல ஆயிரம் யூரோ விலை இருப்பதால் போலி முத்திரை இத்துறைக்குப் புதியதன்று. உண்மையான பழைய முத்திரையின் பள்ளத்தில் எழுத்தின் ஓரங்கள் உருண்டிருக்கும், மெருகுப்பொடியும் அழுக்கும் அடியில் இறுகியிருக்கும். புதிய குத்தலின் ஓரம் கூர்மையாக எழும்பி நிற்கும். அறிந்தவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் கருவியின் மீதான நம்பிக்கையே போய்விடும். இப்போது அந்த மங்கிய பள்ளமாவது உண்மையாக இருக்கிறது. அதன்மேல் குத்தினால் எதிர்காலத்தில் நல்ல ஒளிப்படக் கருவியால் படிக்கக்கூடியதையும் அழித்துவிடுவோம்.

செவிவழி

அப்படியானால் 'ஜெஃப்ரிஸ்' என்று எழுதவே கூடாதா? இவ்வளவு சான்று சேர்ந்த பிறகும்?

ஆறுமூலை

எழுதலாம், எந்த அளவில் என்பதைச் சேர்த்து எழுதவேண்டும். வீட்ஸ்டனாக இருந்திருந்தால் எண்ணை எடுத்துக்கொண்டு நேரே அவர்களுடைய பதிவேட்டுக்குச் சென்றிருக்கலாம். தொடக்கம் முதல் 1891 வரைக்கும், மறுபடியும் 1910 முதல் 1974 வரைக்குமான பதிவேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் மூலமாக இணையத்தில் யாரும் பார்க்கக் கிடைக்கின்றன. நாள், வகை, பொத்தான் எண்ணிக்கை எல்லாம் கையெழுத்தில் இருக்கும். ஜெஃப்ரிஸுக்கு அப்படியொரு பதிவேடு கைக்கு வந்ததில்லை. முத்திரை தெளிவாக உள்ள 38 பொத்தான் ஜெஃப்ரிஸ் கருவிகளின் முகப்புப் படங்களோடு நம் முகப்பின் துளைவேலையைக் கொடிக்குக் கொடி ஒப்பிடுவதே மிச்சமிருக்கும் வழி. பழைய துளைவேலை கைவாளால் அறுக்கப்பட்டது; மாதிரித்தாள் ஒன்றாக இருந்தாலும் அறுத்த கை மாறினால் சுருளின் முனைகள் மாறும். மேல் மூலைகளில் கொடி எங்கே கிளைக்கிறது, பொத்தான் துளைக்கு எவ்வளவு அருகில் வந்து திரும்புகிறது என்று பார்க்கவேண்டும். நான் பார்த்தவரை நம் படம் முத்திரையுள்ள ஜெஃப்ரிஸ்களோடுதான் ஒத்துப்போகிறது.

காப்பீட்டுக்கான விவரத்தைக் கீழ்க்கண்டவாறு எழுதித் தரலாம். திருத்தம் இருந்தால் நண்பர்கள் சொல்லவும்.

'ஆங்கிலோ கான்செர்டினா, ஆறு பக்கம், தட்டையான உலோக முகப்பு, எலும்புப் பொத்தான்கள் 38, காற்றுப் பொத்தான் தனி, இடக் கட்டைவிரலுக்கு இருதிசைச் சுருதிப் பொத்தான், சி–ஜி, ஜெஃப்ரிஸ் ஸ்வர அமைப்பு. பித்தளைச் சட்டத்தில் எஃகு ரீடுகள், இணை அறைத் தட்டுகள், ரிவிட் நெம்புகோல்கள். தட்டுகளிலும் துருத்திச் சட்டத்திலும் ஒரே பட்டறை எண். முன்னர் உயர்சுருதியில் இருந்து 440க்கு இறக்கப்பட்டது. தொடர் எண் இல்லை. வலது முகப்பில் தேய்ந்த முத்திரை, படிக்க இயலாதது. லண்டனில் செய்யப்பட்டது, கட்டமைப்பாலும் துளைவேலையாலும் சார்ல்ஸ் ஜெஃப்ரிஸ் அல்லது அவர் மகன்களின் பட்டறைக்கு உரியதாகக் கருதப்படுகிறது, கிராப் பட்டறையில் செய்யப்பட்டிருக்கும் வாய்ப்பு விலக்கப்படவில்லை. காலம்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கும் 1920களுக்கும் இடையில்.'

சுருதிப்பெட்டி

ஒரு திருத்தம். 'வால்வுத் தோல்கள் பகுதியளவு புதுப்பிக்கப்பட்டவை' என்பதையும், துருத்தி மாற்றப்பட்டது என்பதையும் சேர்த்துவிடுங்கள். அடுத்துப் பழுதுபார்ப்பவருக்கு அது தேவைப்படும்.

தென்கரை

இரண்டையும் சேர்த்து அம்மையாருக்கு அனுப்பிவிட்டேன். பெயர் குத்தவேண்டாம் என்பதை அவர் உடனே ஏற்றுக்கொண்டார். எலும்பு பற்றிய குறிப்பைத் தனித்தாளில் எழுதிக் கருவிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னார். பழுதுபார்ப்பாளர் ரீடு தட்டுகளை மீண்டும் மூடுவதற்குமுன் ஒவ்வொரு ரீடு சட்டத்தையும் எழுத்து தெரியும்படி தனித்தனியாகப் படமெடுக்கச் சொல்லியிருக்கிறேன். சட்டத்தில் குத்திய ஸ்வர எழுத்துகள் இருந்தால் அவற்றின் அச்சு வடிவத்தையும் முத்திரையுள்ள கருவிகளோடு ஒப்பிடலாம். படங்கள் வந்ததும் இதே இழையில் இடுகிறேன்.